பெரிய மாப்பிள்ளையின் கைராசி

"பூட்லோடரை எங்கே நிறுவ வேண்டும்?" என்று கம்ப்யூட்டர் கேட்டது.

சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. முதுகுக்குப் பின்னால் மாமனார் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நின்னுடுச்சா?"

"நிக்கல மாமா. கேள்வி கேக்குது."

"கேட்டா பதில் சொல்லிட்டுப் போங்க. பூட்லோடர்னா என்ன?"

இது தெரியும். முந்தின நாள்தான் படித்திருந்தார். "கம்ப்யூட்டரை ஆன் பண்ணினதும் அதுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது மாமா. தூக்கத்துல எழுப்பி விட்ட ஆள் மாதிரி பேந்தப் பேந்த முழிக்கும். அப்போ 'வாப்பா, உன் சிஸ்டம் இந்தப் பக்கம் இருக்கு'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அதுதான் பூட்லோடர்."

"அந்த ஆளை எங்க உக்கார வைக்கணும்னு கேக்குதா?"

"அதேதான் மாமா."

"வாசல்ல உக்கார வைங்க. வேற எங்க வைப்பாங்க?"

மாமனார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மாமனார் சொல்லிக்கொடுத்துச் செய்ததாக ஆகிவிடக் கூடாதே என்பதற்காகவே சின்ன மாப்பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக நின்று, உள்ளே வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் கண் பரிசோதனைக்குத் திரை போட்ட ஓர் இருட்டறை. நடுவில் மேஜை, மேஜைமேல் கம்ப்யூட்டர். யாருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு பவர் என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. கொஞ்ச நாளாக அது விழித்து எழுவதற்குள் வந்தவருக்குப் பவரே கூடிவிடும் போலிருந்தது. "புது சிஸ்டம் போட்டா பறக்கும் மாமா, நானே போட்டுத் தர்றேன்" என்று சின்ன மாப்பிள்ளை வலிய வந்து சொன்னார். கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை பார்த்து, ஒரு பென் டிரைவில் புது சிஸ்டத்தோடு வந்து உட்கார்ந்தும்விட்டார்.

வலிய வந்ததற்குக் காரணம் இருந்தது. மாமனார் பஸ் நிலையத்துப் பக்கம் இரண்டாவது கடை திறக்கப்போகிறார். இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவரை அங்கே முதலாளியாக உட்கார வைப்பார். சின்ன மாப்பிள்ளைக்கு முதலாளி என்பதைவிட உட்கார்வது என்பதுதான் முக்கியம். அவர் ஒரு டைல்ஸ் ஷோரூமில் விற்பனையாளர். அங்கே வாடிக்கையாளர் இருக்கும்போது உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார்ந்தால் அதற்கப்புறம் வாடிக்கையாளரே வரமாட்டார் என்பது மேனேஜரின் நம்பிக்கை. நாள் முழுக்க நின்று, சிரித்து, வழவழப்பான தரைகளைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்கு வருவார். பக்கெட் வெந்நீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, புதுக் கடையில் தனக்காகச் சுழலப்போகும் நாற்காலியை நினைத்துக்கொள்வார். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் இந்தக் கால்கள் என்னவாகும் என்று நினைத்தால் அவருக்கு அழுகையே வரும்.

போட்டிக்கு இருந்தவர் சகலை, அதாவது மாமனாரின் பெரிய மாப்பிள்ளை. இதே கடையில் சட்டத்தில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிறார். சண்டை போடுவதற்குக்கூட இடம் கொடுக்காத நல்ல மனிதர். அதுதான் சின்ன மாப்பிள்ளைக்கு எரிச்சல். இப்போதும் ஏணிமேல் நின்று அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "ஏதாவது எடுத்துக் குடுக்கணுமா சகலை?" என்று கேட்டார்.

"வேணாம், வேணாம்."

திரையில் மூன்று இடங்கள் காட்டப்பட்டிருந்தன. ஒன்று தான் கொண்டுவந்த பென் டிரைவ். அது தெரிந்தது. இன்னொன்று ரொம்பப் பெரியது. அதற்குள்தான் ஊராரின் கண்ணெல்லாம் இருக்கிறது. அதில் கைவைத்து ஏதாவது அழிந்து தொலைந்தால் நாற்காலி மட்டுமில்லை, மாமனார் வீட்டுச் சாப்பாடும் போய்விடும். மூன்றாவது சின்னதாக, அடக்கமாக இருந்தது. இந்த மாதிரிச் சின்ன ஆட்களை உட்கார வைப்பதற்கென்றே இயந்திரத்துக்குள் ஒதுக்கிவைத்திருக்கும் சின்ன அறை போலிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

சின்னதைத் தேர்ந்தெடுத்தார்.

கொஞ்சம் குனிந்து கம்ப்யூட்டரின் முகப்பைப் பார்த்திருக்கலாம். அங்கே சகலையின் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. வண்டிச் சாவி, வீட்டுச் சாவிகளோடு பாட்டுகள் நிறைந்த ஒரு பென் டிரைவும் அந்தக் கொத்தில் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் செருகுவது சகலையின் வழக்கம். பாட்டும் பாடும், சாவியும் தொலையாது. மாமனாரின் கம்ப்யூட்டரைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டிய ஆள், இப்போது அந்தச் சாவிக்கொத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்றைக்கு எல்லாம் அமர்க்களமாக நடந்தது. கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. "பலே மாப்பிள்ளை!" என்று மாமனார் முதுகில் தட்டினார். சின்ன மாப்பிள்ளை அன்று வெந்நீரில் கால் வைத்தபோது பாட்டுக்கூடப் பாடினார்.

மறுநாள் காலையில் ஷோரூமில் ஒரு தம்பதிக்குக் குளியலறைத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் எழுந்திரிக்கல."

"என்ன மாமா சொல்றீங்க? பறந்துச்சே?"

"பறந்தே போயிடுச்சு. ஒரே கறுப்பு. இங்கிலீஷ்ல ஒரு வரி. ஏதோ ஒரு பட்டனை அழுத்துன்னு போட்டிருக்கு. இருக்கற எல்லா பட்டனையும் அழுத்திட்டேன்."

மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி, வியர்க்க விறுவிறுக்க ஓடினார். கடைக்குள் நுழையும்போது பாட்டு கேட்டது. கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வந்து ஆன் பண்ணினேன் சகலை, உடனே வந்துடுச்சு" என்றார் பெரிய மாப்பிள்ளை, ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல.

"மாமா சரியா அழுத்தியிருக்க மாட்டாரு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு சின்ன மாப்பிள்ளை திரும்பிப் போனார்.

மாமனாருக்குக் கரண்ட் வீணாவது பிடிக்காது. டீ குடிக்கப் போனாலும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் போவார். பெரிய மாப்பிள்ளை மொத்த வியாபாரக் கடையில் சட்டம் எடுக்கக் கிளம்பினால் சாவிக்கொத்தையும் உருவிக்கொண்டு போவார். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் கம்ப்யூட்டர் பிணம்தான். அடுத்த முறை போன் வந்தபோது சின்ன மாப்பிள்ளை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.

கூட்டமான நேரம். அவர் கம்ப்யூட்டரைக் குப்புறப் போட்டு, பக்கக் கதவைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக உருவி, ஊதி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி கழற்றி, இன்னும் பலமாக ஊதினார். தூசி எல்லாம் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணில் போய் விழுந்தது.

"சார், நாங்க கண்ணைக் காட்ட வந்தோம். கண்ணைக் கெடுத்துக்க வரல" என்றார் ஒருவர்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய மாப்பிள்ளை பெட்டியும் கையுமாக உள்ளே வந்தார். "கொஞ்சம் நகருங்க சகலை" என்று பெட்டியை இறக்கினார். வழக்கம்போலச் சாவிக்கொத்தைச் செருகினார். பட்டனைத் தொட்டார். கம்ப்யூட்டர் எழுந்து, பாடவும் ஆரம்பித்தது.

உட்கார்ந்திருந்தவர்கள் கலங்கிய கண்ணோடு கை தட்டினார்கள்.

"அதுக்கெல்லாம் கைராசி வேணும்" என்றார் மாமனார், மனம் நெகிழ்ந்துபோய்.

இருட்டறைத் திரையை விலக்கிக்கொண்டு கீழ்வரி அக்கா எட்டிப் பார்த்தார். அந்தக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர் அவர். நாள் முழுக்க 'கீழ் வரி படிங்க, அதுக்கும் கீழ் வரி படிங்க' என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. "நானும் பாத்துட்டுதான் இருக்கேன். பெரியவர் தொட்டாதான் அது முழிக்குது" என்று அவரும் சாட்சி சொன்னார்.

"கைராசியாவது ஒண்ணாவது! இது மெஷின் அக்கா, மெஷின்!" என்று கத்தினார் சின்ன மாப்பிள்ளை.

"அப்போ நீங்க போட்டுக் காட்டுங்களேன்" என்றார் அக்கா.

அவர் வீம்புக்கு அணைத்துவிட்டுப் போட்டார். சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தபடியால் வந்திருக்க வேண்டும். ஆனால் சகலை, "சரி, நான் மிச்சப் பெட்டியையும் வண்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்துடறேன்" என்று அந்த வினாடியில்தான் கொத்தை உருவிக்கொண்டு போனார். திரை கறுப்பாக நின்றது. சின்ன மாப்பிள்ளையின் முகமும்.

அதற்குப் பிறகு கைராசி கடை வாசலைத் தாண்டிவிட்டது. பக்கத்துத் தையல்காரர் அடம்பிடிக்கும் மெஷினைத் தொட்டுத் தரச் சொல்லிப் பெரிய மாப்பிள்ளையை அழைத்துப் போனார். அது ஓடவும் ஓடியது. எதிர்க்கடைக்காரர் சார்ஜ் ஏறாத போனைக் கொண்டுவந்து நீட்டினார். மாமனார் வீட்டில் தண்ணீர் மோட்டாரை இனி பெரியவர்தான் போட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். முதலில் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பெரிய மாப்பிள்ளைக்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு, கண்ணை ஒரு கணம் மூடி, மோதிர விரலால் பட்டனை அழுத்த ஆரம்பித்தார்.

சின்ன மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. சுழல் நாற்காலி கண்ணெதிரில் சகலையின் பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்தது. எதையாவது செய்தாக வேண்டும்.

"மாமா, இனிமே கம்ப்யூட்டரை அணைக்கவே அணைக்காதீங்க" என்றார். "அணைச்சாத்தானே எழுப்பணும்? ஓடிட்டே இருக்கட்டும்."

"ராத்திரி பகலாவா? கரண்ட் பில்லை யாரு கட்டறது?"

"கடையோட நன்மைக்குச் சொல்றேன் மாமா."

மாமனார் அரை மனதாக ஒப்புக்கொண்டார். கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதற்காவது கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று திரைமேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். சில நாள் எந்த வம்பும் இல்லை. பெரிய மாப்பிள்ளையின் மோதிர விரலுக்கும் வேலை இல்லை. சின்ன மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது.

பெரிய மாப்பிள்ளை நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பக்கத்து ஊருக்குப் போயிருந்த அன்றைக்குக் கரண்ட் போனது.

கரண்ட் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை. அன்று பார்த்துக் கடை நிரம்பி வழிந்தது. கண்ணாடி உடைந்தவர்கள், தொலைத்தவர்கள், மேலேயே உட்கார்ந்துவிட்டவர்கள். எல்லோருடைய பவரும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. இருட்டறை வாசலில் வரிசை தெருவரைக்கும் போயிற்று. மாமனார் வேறு வழியில்லாமல் ஞாபகத்திலிருந்து பவர் சொல்லிக் கண்ணாடி கொடுக்க ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு வெளியே போய், தபால் பெட்டியைப் பார்த்து வணக்கம் சொல்லி, அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"போன் போடுங்க பெரியவருக்கு!" என்று மாமனார் அலறினார்.

பெரிய மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் எழுந்து, பட்டுச் சட்டையும் சென்ட் வாசனையுமாகக் கடைக்கு வந்து சேர்ந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் கையைக் கழுவினார். கொத்தைச் செருகினார். கண்ணை மூடினார். கம்ப்யூட்டர் எழுந்தது.

மாமனார் ஓடிவந்தார். பெரிய மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க இல்லேன்னா இந்தக் கடை இல்ல மாப்பிள்ளை. இது இப்போ எனக்கு நல்லாத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

அன்றும் அனுமதி வாங்கி ஓடிவந்து கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த சின்ன மாப்பிள்ளைக்கும் நன்றாகத் தெரிந்துபோயிற்று. அன்று அவர் வெந்நீரில் கால் வைக்கவில்லை. வைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

"அப்பா முடிவு பண்ணிட்டாராம்" என்றாள் மனைவி. "வர்ற ஞாயித்துக்கிழமை, புதுக் கடைக்குச் சாமான் கட்டறப்போ சொல்றாராம்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அதான் கண்ணுல ஒத்திக்கிட்டாரே."

"அதுவரைக்கும் நீங்க கடைப்பக்கமே போகாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க. அது போதும்."

"சும்மா இருந்துதான் நாசமாப் போனேன்" என்றார் அவர். அவர் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை என்பது மனைவிக்குத் தெரியும்.

ஷோரூமின் பில் போடும் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க ஒரு சர்வீஸ்காரர் வருவார். அவர் வந்தபோது சின்ன மாப்பிள்ளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், யாரோ ஒரு நண்பருக்கு நடந்ததுபோலக் கதையைச் சொன்னார்.

சர்வீஸ்காரர் கொட்டாவி விட்டார். "பூட்லோடரை எங்க போட்டாராம் உங்க நண்பரு?"

"உள்ளயே ஒரு சின்ன எடம் இருந்துச்சு. அதுல."

"உள்ள சின்ன எடம்லாம் எதுவும் கிடையாது சார். போடறப்போ வெளியில ஏதாவது பென் டிரைவ் செருகியிருந்துச்சா?"

சின்ன மாப்பிள்ளையின் கண்முன் ஒரு சாவிக்கொத்து மெல்ல ஆடியது. பெட்டியோடு சகலை வந்தது, பட்டுச் சட்டையோடு வந்தது, ஒவ்வொரு முறையும் கொத்தைச் செருகியது எல்லாம் வரிசையாக வந்துபோயின. அவருக்குத் தலை சுற்றியது. பக்கத்திலிருந்த டைல்ஸ் அடுக்கைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை, உட்காரவில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ என்ன பண்ணணும்?"

"அந்த பென் டிரைவ் இருக்கறப்பவே சிஸ்டத்தை எழுப்புங்க. எழுந்ததும் ஒரே ஒரு கட்டளை. நான் போன்ல சொல்றேன், அப்படியே டைப் பண்ணுங்க. இந்தத் தடவை பெரிய டிஸ்க்கைச் சொல்லுங்க. முடிஞ்சுது கதை. உங்க நண்பரைத்தான் சொல்றேன்."

வீட்டில் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அத்தான்கிட்ட சொல்லிடுங்களேன். அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு" என்றாள்.

"என்னன்னு சொல்றது? மாமா கடையோட உயிரை எடுத்து உங்க சாவிக்கொத்துல போட்ட புத்திசாலி நான்தான்னா? அப்புறம் உங்கப்பா எனக்கு நாற்காலி தருவாரா, ஸ்டூல்கூடத் தரமாட்டாரு."

"அப்போ விட்டுடுங்க."

"எப்படி விடறது? கைராசி, கைராசின்னு ஊரே அவரைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது. ஞாயித்துக்கிழமை உங்கப்பா வாயைத் தொறக்கறதுக்கு முன்னால அந்தக் கைராசியை நான் ஒழிக்கணும். அப்போதான் ரெண்டு பேரும் சமம்."

ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் புதுக் கடைக்குச் சட்டங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பாடிக்கொண்டிருந்தது. கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்வரி அக்கா ஒவ்வொரு சட்டத்தையும் துணியில் சுற்றிக் கொடுக்க, மாமனார் வாங்கி வைத்தார். அவர் முகத்தில் முடிவெடுத்துவிட்ட மனிதரின் தெளிவு தெரிந்தது. சின்ன மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு புன்னகைகூடச் செய்தார். அதைப் பார்த்துச் சின்ன மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. ஆறுதல் பரிசுக்குச் சிரிக்கும் சிரிப்பு அது என்று அவருக்குத் தோன்றியது.

"சகலை, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வர்றீங்களா? தெருமுனைக் கடை வேணாம், கொஞ்சம் தள்ளி இருக்குமே, அதுல நல்லா இருக்கும். நடந்தே போயிட்டு வாங்க, உடம்புக்கு நல்லது."

"தாராளமா" என்று பெரிய மாப்பிள்ளை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடந்து போனதால் சாவிக்கொத்து கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

சின்ன மாப்பிள்ளை நாற்காலியில் தாவி உட்கார்ந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். சர்வீஸ்காரர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். இவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். எங்கே போடுவது என்ற அதே கேள்வி. இந்த முறை ஊராரின் கண்ணெல்லாம் இருந்த பெரிய இடத்தின் பெயரைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிழை ஏதும் இல்லைன்னு வருதா?" என்றது போன்.

"வருது."

"அவ்ளோதான் சார். ஆள் வாசல்ல உக்காந்துட்டான்."

கம்ப்யூட்டரை அணைத்தார். கொத்தை உருவி மேஜையின் மறுகோடியில் வைத்தார். பட்டனை அழுத்தினார். திரை ஒரு கணம் கறுப்பாக இருந்தது. அந்த ஒரு கணத்தில் அவர் டைல்ஸ் ஷோரூமில் கிழவனாகி நின்றுகொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டர் எழுந்தது. பாட்டு இல்லாமல், சத்தம் இல்லாமல், சமர்த்தாக எழுந்தது.

"மாமா!" என்று அவர் போட்ட கூச்சலில் மாமனார் கையிலிருந்த பெட்டியைக் கீழே விட்டுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை?"

"வாங்க. நீங்களே ஆன் பண்ணுங்க."

"எனக்கு எதுக்கு வம்பு? பெரியவர் வரட்டும்."

"அவர் வேணாம். நீங்க அழுத்துங்க மாமா, நான் சொல்றேன்ல."

மாமனார் சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டார். கம்ப்யூட்டர் எழுந்தது. அணைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். எழுந்தது. கீழ்வரி அக்காவை அழைத்து அழுத்தச் சொன்னார். எழுந்தது. பென்சிலால் அழுத்திப் பார்த்தார். அதற்கும் எழுந்தது. கரண்டைப் பற்றிய நினைப்பே இல்லாமல், அவர் குழந்தை மாதிரி அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி மாப்பிள்ளை?"

"உள்ள ஒரு சின்னக் கோளாறு மாமா. கண்டுபிடிக்கக் கஷ்டமான கோளாறு. கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் சின்ன மாப்பிள்ளை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"இனிமே பெரியவர் இல்லேன்னாலும் ஓடுமா?"

"அவர் இங்க இருக்கணும்னு அவசியமே இல்ல மாமா. எங்க வேணா போகட்டும். யார் வேணா போடலாம். எழுதியே தர்றேன்."

"நிச்சயமா?"

"என்னை நம்புங்க மாமா. இந்தக் கடைக்கு இனிமே அவர் தேவையே இல்ல."

மாமனார் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். "என் தலைமேல இருந்த பாரத்தை எறக்கிட்டீங்க மாப்பிள்ளை. நான் என்னடா பண்றதுன்னு எப்படித் தவிச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன மாப்பிள்ளைக்கும் கண் கலங்கியது. இத்தனை நாள் நின்ற கால்கள் முதல்முறையாக வலிக்காமல் இருந்தன.

பெரிய மாப்பிள்ளை பிளாஸ்க்கோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாமனார் ஓடிப்போய் அவர் தோளில் கையைப் போட்டு வாசல் பக்கமாக அழைத்துப்போனார். ஏதோ காதோடு காதாகச் சொன்னார். பெரிய மாப்பிள்ளை நம்பமுடியாமல் அவரைப் பார்த்தார். பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். பிறகு நேராகத் திரும்பி வந்து, சின்ன மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார்.

"சகலை, இந்த உதவியை நான் உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன். புதுக் கடை எனக்குத்தானாம். எல்லாம் உங்களாலதான்."

மேஜையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, மனைவியிடம் சொல்வதற்காக அவர் வண்டியை நோக்கி ஓடினார். மாமனார் பெட்டிகளைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

சின்ன மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்கார வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"என்ன அக்கா இது? சரி பண்ணினது நான். கடை அவருக்கா?"

கீழ்வரி அக்கா சுற்றிக்கொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பப் பரிதாபமாக அவரைப் பார்த்தார்.

"பெரியவரை நகர்த்தினா இந்தக் கம்ப்யூட்டர் முழிக்காதேன்னுதான் தம்பி, முதலாளி காலையில வரைக்கும் புதுக் கடையை உங்களுக்குன்னு முடிவு பண்ணி வச்சிருந்தாரு."